பூட்டுப் போட்ட பாட்டு

ஜூலை 4, 2024

காலையில் தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்ற பிறகுதான், ஒற்றை ஆளுக்கு ஒரு குடம் போதுமே என்று தோன்றியது. நின்றது நின்றாகிவிட்டது என்று இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஹில்டா இறந்த முப்பதாம் நாள் பூசை அடுத்த வியாழன். மகள் கிறிஸ்டினா திருவொற்றியூரிலிருந்து போன் செய்தாள். பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு பிரியாணி வேண்டாம், தக்காளி சாதம் போதும் என்கிறாள். எதையாவது போடட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் அம்மா பாடின பாட்டைப் போட வேண்டும், அது மட்டும்தான் என் கணக்கு. "பென் டிரைவ் அவருகிட்டதான் கீது டாடி, எட்த்துனு வரோம்" என்றாள். அவர் என்றால் மாப்பிள்ளை ரஞ்சித்.

ஜூலை 5

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ கச்சேரி வைக்கப் போகிறவன் எழுதியது போல இருக்கிறது. அப்படி இல்லை. ஹில்டாவின் சொந்தக் குரல் மிச்சம் இருப்பது அந்தப் பாட்டில்தான்.

பெரிய வெள்ளிக்கிழமையில், இறந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு மாதா அழுகிற ஒப்பாரியை ராயபுரத்தில் எங்கள் கோயிலில் அவள்தான் பாடுவாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள்தான். 2005இல் யானைக்கவுனியில் சிடி கம்பெனி வைத்திருந்த மதார் சாகிப் கேட்டுவிட்டு, பாடகர் குழுவையே அழைத்துப் போய் ஒரு சிடி போட்டார். எல்லா சாமிக்கும் பாட்டு போட்ட மனிதர் அவர். சில வருடம் கழித்து ஹில்டாவுக்குத் தைராய்டு ஆபரேஷன். கட்டி போயிற்று, குரலும் கூடவே போயிற்று. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் காற்று கலந்த குரல். செல்போனில் இருப்பது அதுதான். 'வரும்போது கொத்தமல்லி வாங்கினு வா.' 'மாத்திரை போட்டியா?' அதையும் கேட்கிறேன். ஆனால் நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது பாடின குரலை.

ஜூலை 12

நேற்று பாட்டு வரவில்லை.

வீடு நிறைய ஜனம். ரஞ்சித் ஸ்பீக்கரில் பென் டிரைவைச் செருகினான். முதல் அடி வந்தது. அவளேதான். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். இரண்டாம் அடியில், எண்ணெயில் அப்பளம் போட்டது போல ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல். அடுத்த பாட்டு, அதற்கடுத்தது, எல்லாமே இரைச்சல். யாரோ மெதுவாக, "சாப்பாடு போட்டுடலாமா?" என்றார்கள். போட்டார்கள்.

"ஒரிஜினல் சிடி எங்க டாடி?" என்று கிறிஸ்டினா கேட்டாள். கேட்ட உடனே அவளுக்கே ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலை 13

அது ஹில்டாவிடம் இருக்கிறது. காசிமேட்டுக் கல்லறையில், பெட்டிக்குள், அவள் கைக்குக் கீழே.

எங்கள் பக்கத்தில் போகிறவர்களை வெறுங்கையாக அனுப்ப மாட்டோம். செபமாலை, பாட்டுப் புத்தகம், கழுத்தில் போடும் சபைப் பட்டை என்று உயிராக வைத்திருந்ததைப் பெட்டிக்குள் வைப்போம். அடக்கத்தன்று காலை ரஞ்சித், கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போன கடையிலேயே சிடியைக் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தான். துளி போட்டுக் காட்டினான். வந்தது. நகல்தான் இருக்கிறதே என்று, மூடி போடுவதற்கு முன் சிடியை நானே வைத்தேன். வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என்னை நானேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்:

டேய் அருள்நாதா, ஹார்பர்ல அத்தினி வருஷம் கிரேன் ஓட்டினியே, கொக்கிய ஒரு வாட்டி இழுத்துப் பாக்காம என்னிக்காவது லோடு தூக்கினியாடா? இத்த மட்டும் எப்டிடா...

ஜூலை 20

ரஞ்சித்தோடு பேனர் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடைக்கார அம்மா ஆஃபியா பொறுமையாகச் சொன்னாள். "அந்த சிடில பூட்டு கீது சார். காப்பி எடுக்கக் கூடாதுன்னே அப்டி அடிச்சுருக்காங்க. பழைய பிளேயர்ல போட்டா பாடும். கம்ப்யூட்டர்ல போட்டா மொதல்ல கொஞ்சம் நல்லா வரும், அப்பால குப்பையா வரும். முழுசா கேட்டுட்டு குடுக்கறேன்னுதான் சொன்னேன். சாவு வூடு, அவசரம்னு வாங்கினு போய்ட்டாங்க."

ரஞ்சித் கடை வாசலிலேயே அழுதுவிட்டான். நல்ல பையன். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. யாரையாவது திட்டினால் தேவலை.

ஜூலை 21

காசு கொடுத்து, பில் போட்டு வாங்கின சிடி. அதுக்கு நான் திருடனா?

ஆகஸ்ட் 3

ஹார்மோனியம் வாசித்த ராசையாவிடம் ஒரு சிடி இருந்தே ஆக வேண்டும் என்று திருவொற்றியூர் போனேன். இருக்கிறது. மொட்டை மாடியில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது, புறா விரட்ட. காற்றில் சுற்றிக்கொண்டு பளபளக்கிறது. ஒரு பக்கம் பூச்சு உரிந்து, அந்தப் பக்கம் வானம் தெரிகிறது.

"இன்னா பண்றது மச்சான்? டிவிடில போட்டா ஓடல, மவன் கார்ல போட்டா ஓடல. சும்மா கெடந்துச்சு" என்றான். குழுவில் இருந்த எல்லார் வீட்டிலும் இதே கதைதானாம். எங்கள் வீட்டில் மட்டும் பழைய பிளேயர் இருந்ததால் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பிளேயரும் அவளுக்கு முன்பே செத்துப்போனது. அவனோடு டீ குடித்துவிட்டு ரயில் ஏறினேன். தண்டையார்பேட்டை வரும் வரை ஜன்னலில் எந்த மாடியைப் பார்த்தாலும் ஏதாவது பளபளக்கிறதா என்றே பார்த்தேன்.

ஆகஸ்ட் 17

யானைக்கவுனி. மதார் சாகிப்பின் சிடி கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அவர் மகன் ஃபர்ஹானின் பை கடை. மதார் சாகிப் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண் சரியில்லை. பெயர் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். ஹில்டா போனது அவருக்குத் தெரியாது.

பாட்டுப் பதிவின் மூலப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். 2015 வெள்ளத்தில் குடோனோடு போய்விட்டதாம். பிறகு நான் கேட்காததையும் அவரே சொன்னார்.

"ஒர்த்தன் வந்து, இந்தப் பூட்டப் போடு பாய், பஜார்ல காப்பி அடிக்க முடியாதுன்னான். போட்டேன். காசு குடுத்து வாங்கினவன்லாம் திரும்ப எட்த்துனு வந்து கத்தினான். திருடன் ஒர்த்தன்கூட வந்து கத்தல நைனா. அவனுக்கு இன்னா, இது இல்லன்னா வேற பாட்டு." என் கையை இன்னும் விடவில்லை. "அந்தப் பொண்ணு கொரல நான்தான் பூட்டிட்டேன். மன்னிச்சுடு."

நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று போனவன், "விடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

ஒருத்தனாவது திருடியிருக்கக் கூடாதா?

செப்டம்பர் 1

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கல்லறைக்குப் போய்க் காவல்காரர் டில்லிபாபுவிடம் கேட்டேன், பெட்டியைத் திறக்க வழி உண்டா என்று. அவர் என்னைப் பைத்தியம் போலப் பார்க்கவில்லை. அதுவே பெரிய விஷயம். "குடும்பக் கல்லறதான சார். அடுத்த பெட்டி வந்தாத்தான் தெறப்பாங்க" என்றார்.

அடுத்த பெட்டி என்னுடையது. அப்போது கேட்க நான் இருக்க மாட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 15

பக்கத்து வீட்டு ஜானட் வந்தாள். அவளுக்கும் ஹில்டாவுக்கும் ரொம்ப வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவாள். என்ன சண்டை என்று ஹில்டா கடைசி வரை சொன்னதில்லை. இன்று வாசற்படியிலேயே நின்றாள். முந்தானைக்குள் ஒரு கேசட்.

"அண்ணே, நான் திருடிட்டேன். இத்தினி நாளா சொல்ல வாய் வரல."

நான் உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்துச்சு, ஹில்டா பாட்டு கேக்கணும்னுச்சு. எங்க வூட்ல ஏது சிடி பிளேயரு? கேசட்ல புடிச்சுக் குடுன்னு கேட்டேன். காப்பி எடுக்கறது பாவம், அட்டையிலயே போட்டுகீது, பாய் நஷ்டப்படுவாருன்னு சொல்லிட்டா. அந்தக் கோவம்தான். அப்பால பெரிய வெள்ளிக்கு முன்ன, தவசு காலத்துல ஜன்னலத் தொறந்து வெச்சுனு போடுவாளே, நான் நடு சொவத்து மேல டேப்ப வெச்சு புடிச்சுக்கினேன். எங்கம்மா சாவற வரைக்கும் அத்ததான் கேட்டுச்சு."

கேசட்டைக் கையில் வாங்கினேன். "முழுசா இருக்கா ஜானட்?" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். "பையன் புதுநன்மை விசேஷத்து அன்னிக்கு பேண்டு வாசிச்சத தெரியாம அது மேலயே புடிச்சுட்டேண்ணே. கடைசில கொஞ்சம்தான் நிக்குது."

செப்டம்பர் 16

ஜானட் வீட்டு டேப்பில் கேட்டோம். கிறிஸ்டினா செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தாள். பேண்டு வாத்தியம், பிள்ளைகள் கூச்சல், யாரோ கேக் கேட்கிறார்கள். டக்கென்று அது அறுந்து, ஹில்டா.

கடைசிச் சரணம் மட்டும். நடுவில் டேப்பிலேயே ஜானட் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. மாதா மகனை மண்ணுக்குக் கொடுக்கிற இடத்தில் ஹில்டா ஒரு மூச்சு வாங்குவாள். அந்த மூச்சும் இருக்கிறது. அவ்வளவுதான்.

"இவ்ளோவாச்சும் கெடச்சுதே டாடி" என்றாள் கிறிஸ்டினா. எனக்குப் போதவில்லை. பொய் எழுத மாட்டேன், போதவே இல்லை. ஆனால் ஜானட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். இனி அவள் வாசலில் நிற்கக் கூடாது என்றும் சொன்னேன்.

அக்டோபர் 6

பூசை முடிந்ததும் பாடகர் குழுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தப் பாட்ட எங்களுக்கும் அனுப்பறீங்களா மாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். கேட்கவே வேண்டாம், யார் கேட்டாலும் கொடுங்கள், அவர்கள் யாருக்குக் கொடுத்தாலும் கொடுக்கட்டும் என்றேன். ஹில்டா இருந்திருந்தால் என்னை முறைத்திருப்பாள். முறைக்கட்டும்.

மதார் சாகிப்புக்கும் ஃபர்ஹான் நம்பரில் அனுப்பினேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். சாயங்காலம் காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. சாமந்தி, மெழுகுவத்தி, ஊதுவத்திப் புகை. கிறிஸ்டினாவும் ஜானட்டும் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன்.

திரும்பும் வழியில் ஹில்டா பாடுவது கேட்டது. நாங்கள் இன்னும் போனைக் கையில் எடுக்கவே இல்லை. வாளியோடு நின்றுவிட்டேன். வேறொரு வரிசையில், புது மண் மேடு. அதன் மேல் பூக்களுக்கு நடுவே ஒரு செல்போன். பக்கத்தில் ஒரு இளம் பெண், பார்த்த முகமில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குக்கர் விசில் அடித்தது. ஹில்டா மூச்சு வாங்கினாள். முடிந்தது. அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

"யாரும்மா பாடறது?" என்று கேட்டேன்.

"தெர்லண்ணே. யாரோ குரூப்ல போட்ருந்தாங்க. எங்கம்மாவுக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அம்மாவின் நாள் அது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு முடிகிற வரை அங்கேயே நின்றேன். பிறகு, தண்ணீர் எங்கே என்று ஜானட் கூப்பிட்டாள், போனேன்.