அளவெடுக்காத சரிவு

திங்கள், காலை 8:00
சீகை ஆய்வு முகாம், மேல்மலை. பதிவு: இசக்கியம்மாள், சுற்றுச்சூழல் அறிவியல், முனைவர் பட்டம் மூன்றாம் ஆண்டு. லேசான சாரல்.

சோதனைப் பாத்தியில் விட்ட பூஞ்சை நன்றாக வேலை செய்கிறது. எங்கள் ஆய்வகத்தில் மரபணு மாற்றி உருவாக்கியது. சீகை, அதாவது வாட்டில் மரத்தின் வேரை மட்டும் தின்று, ஒரு பருவத்தில் மரத்தைச் சாய்க்க வேண்டும். வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போன சீகை மலையின் தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிறது, அதை ஒழிக்கத்தான் இந்தப் பாடு. பக்கத்தில் ஒப்பீட்டுப் பாத்தி. அங்கே பூஞ்சை நுழையாமல் இருந்தால்தான் என் ஆய்வேட்டுக்கு மதிப்பு. வழக்கம்போல சோதனைப் பாத்தியில் மிதித்த பூட்ஸைக் கழுவி, அந்தத் தண்ணீரை வாளியில் சுமந்துபோய், இரண்டு பாத்திக்கும் வெளியே சரிவில் கொட்டினேன். இந்தச் சுத்தத்துக்கே எனக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

வெள்ளியன்று முதலாண்டு மாணவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள். என் ஹாஸ்டல் அறைத்தோழி தௌலத்தும் வருகிறாள். குளிர் ஆகாது என்றவளை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தது நான்தான்.

புதன், பகல் 1:30
மழை வலுத்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. வாக்கி டாக்கி மட்டும்.

சோதனைப் பாத்தியில் ஒரு மரத்தைக் கையால் தள்ளினேன். விழுந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் ஈரமான வெள்ளை மாவு. பருவம் பாதிகூடத் தாண்டவில்லை. பக்கத்தில் நாவல் மரமும் சாய்ந்து கிடக்கிறது. நாவலை இந்தப் பூஞ்சை தொடவே கூடாது.

மலையடிவாரத்தில் தங்கியிருக்கும் கைடு அருளப்பன் சாரிடம் வாக்கி டாக்கியில் சொன்னேன். "சோதனைப் பாத்தியிலதானேம்மா? சூப்பர் ரிசல்ட்! நாவல் கதைய வெள்ளிக்கிழமை பசங்களோட பஸ்ல வந்து பாத்துக்கறேன். ஒப்பீட்டுப் பாத்தி சுத்தமா இருக்கா, அதப் பாரு." சுத்தமாக இருக்கிறது என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளி, காலை 10:10
வாளியோடு சரிவுக்குப் போனேன். கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது. சேறு இல்லை. வெள்ளை மாவு.

சரிவு முழுக்க மரங்கள் நின்றபடியே செத்திருக்கின்றன. பருவம் தொடங்கியதிலிருந்து நான் இங்கேதான் கொட்டினேன். இங்கே ஒரு கருவியும் கிடையாது. ஆய்வுக்கு வெளியே இருக்கும் இடம் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட. மலைக்கும் வெளியே என்று நினைத்தாயா, அறிவுகெட்டவளே?

சரிவுக்கு நேர் கீழே ரோட்டின் கொண்டை ஊசி வளைவு. மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த வேர்கள்தான். பஸ் விடியற்காலையிலேயே கிளம்பியிருக்கும்.

10:40
வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். ரோட்டுக்கு இறங்கும் ஒரே ஒற்றையடிப் பாதையும் அந்தச் சரிவு வழியாகத்தான். பயமாக இருக்கிறது. இதைப் படிப்பது யாராக இருந்தாலும் சரி, பாத்தியை அப்புறம் பாருங்கள். முதலில் பாத்திக்கு வெளியே பாருங்கள்.

11:05
சரிவின் மேல்விளிம்பில் விரிசல். என் கை உள்ளே போகிறது.

11:20
கிடைத்துவிட்டாள்! "இசக்கியக்கா, கேக்குதா? தௌலத் பேசுதேன். அருளப்பன் சார் வாக்கி டாக்கிய எங்கிட்ட குடுத்துட்டாக."

கத்தினேன். "தௌலத், பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லு! அங்கனயே நிப்பாட்டு! ஒரு அடி மேல வரப்படாது!"

"டிரைவரண்ணே, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அழுதுவிட்டேன்.

"நின்னாச்சுக்கா. என்னக்கா ஆச்சு?"

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வளைவுலதான்க்கா. இந்தா, மேல ஒங்க முகாம் கூரையே தெரியுது."

11:22
எடுக்கச் சொல்லு வண்டியை எடுக்கச் சொல்லு என்று கத்துகிறேன். இரைச்சல். மறுபடி இரைச்சல். ஜன்னலில் பஸ் தெரிகிறது. நான் சொன்னதால் நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்குகிறார்கள். ஏன் இறங்குகிறார்கள். தௌலத் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறாள். சரிவில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக