சாக்கு கட்டிய கொட்டகை

நானுஓயா
12.01.2025

அன்புள்ள லெட்சுமிக்கு,

நலம். உன் நலமும் உன் அண்ணன் வீட்டார் நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நீயோ நானோ கட் பண்ணிவிடுகிறோம். அதனால்தான் எழுதி, அலியார் நானாவின் மரக்கறி லொறியில் கொடுத்துவிடுகிறேன்.

நீ பிரிந்து போனபோது கிடாரிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை. உன்னுடையது சினை ஊசி போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டதாம், அலியார் நானா சொல்கிறார். என்னுடையது இன்னும் கன்றாகவே நிற்கிறது. வைத்த புல்லில் பாதி அப்படியே கிடக்கிறது. வேலை முடிந்து வந்து புல் அறுத்துப் போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துவிட்டது. நீ என்ன தீனி போடுகிறாய்? ஒளிக்காமல் சொல்.

உன் கணவன்,
செல்லசாமி

றொசல்ல
20.01.2025

அன்புள்ள அவருக்கு,

ஒளிக்க என்ன இருக்கிறது? அதே புல், அதே புண்ணாக்குதான். கொழுந்து பறித்துவிட்டு வந்தால் எனக்கும் கை ஓடுவதில்லை. இங்கே அது அண்ணனின் மூன்று மாடுகளோடு நிற்கிறது. ஒன்று வாய் வைத்தால் எல்லாம் வாய் வைக்கின்றன. பகலெல்லாம் வெளிச்சம்.

பக்கத்து லயத்து வீட்டு ராக்காயி அக்கா, “கன்னுக்குட்டி லெச்சணமா இருக்கே” என்று சொன்னதும் கண்ணூறு படும் என்று கொட்டகையைச் சுற்றி உரச் சாக்கு கட்டினீர்களே, அது இன்னும் இருக்கிறதா? அவிழ்த்துப் போடுங்கள்.

என்னையும் அப்படித்தான் வைத்திருந்தீர்கள். மாதர் சங்கத்துக்குப் போகாதே, தண்ணீர்ப் பீலியில் நின்று பேசாதே. கோபமாக எழுதவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

நாகலெட்சுமி

நானுஓயா
16.02.2025

அன்புள்ள லெட்சுமிக்கு,

மாட்டு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். “தீனியில குத்தமில்லங்க. இருட்டுல தனியா நின்னா பயந்துகிட்டேதான் இருக்கும். சரியா தின்னாது, வளராது, பருவத்துக்கும் வராது. இன்னொரு மாட்டோட சேத்து விடுங்க” என்றார். அன்றைக்கே சாக்கை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். இப்போது வெளிச்சம் வருகிறது. ஆனாலும் அது ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே நிற்கிறது.

உன் கிடாரியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மாட்டுக்காக மட்டும் கேட்கவில்லை. சமைக்கத் தோன்றாமல் நானும் பல நாள் வெறும் ரொட்டியோடு படுத்துவிடுகிறேன். நீ இல்லாமல் முடியவில்லை.

செல்லசாமி

றொசல்ல
25.02.2025

அன்புள்ள அவருக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகையும் வந்தது. ஆனால், சாக்கை அவிழ்க்கச் சொல்லி நான் எழுதியபோது நீங்கள் அவிழ்க்கவில்லை. டாக்டர் சொன்ன பிறகுதான் அவிழ்த்தீர்கள். அங்கே இருந்தபோதும் நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் ஏறியதில்லை. நான் வரவில்லை.

கிடாரியை நானாவின் லொறியில் அனுப்புங்கள். இங்கே மற்றதுகளோடு நின்றால் தேறிவிடும். அது ஈனும் கன்று உங்களுக்குத்தான். நீங்களும் தனியாகக் கிடக்காதீர்கள். ராக்காயி அக்காவிடம் ஒரு வாய் சோறு கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்.

நாகலெட்சுமி

நானுஓயா
02.03.2025

அன்புள்ள லெட்சுமிக்கு,

கிடாரியை அனுப்பிவிட்டேன். லொறியில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நானும் நானாவும் தள்ளிப் பார்த்து ஓய்ந்துவிட்டோம். கடைசியில், நீ புல்லறுக்கக் கட்டுகிற பழைய சேலையை எடுத்து வந்து மூக்கருகே பிடித்தேன். முகர்ந்துகொண்டே பின்னாலேயே வந்து ஏறிவிட்டது.

அந்தச் சேலையை இத்தனை நாள் துவைக்காமல் வைத்திருந்தேன். அதையும் அதோடு அனுப்பியிருக்கிறேன், வழியில் பயப்படாமல் இருக்கட்டும். நேற்று ராக்காயி அக்கா சோறு கொடுத்தார், சாப்பிட்டேன்.

அது தின்கிறதா என்று மட்டும் எழுது. வா என்று இனிக் கேட்கமாட்டேன்.

செல்லசாமி