மூலம் என்று நீ எழுதிய சொல்

ஷாதிபூர், போர்ட் பிளேர்
11.8.2013

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், கடையும் ஓடுகிறது. அம்மா நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ ஹைதராபாத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். மருந்துக்குச் சுருங்கிய குடல் கட்டி மறுபடி வளர்ந்து ஈரலுக்கும் போய்விட்டது, மருந்தை மாற்ற வேண்டும், சென்னைக்கு வாருங்கள் என்று டாக்டர் சொன்னதும், இதையே ஆராய்ச்சி செய்கிற உன்னிடம் காரணம் கேட்டேன். நீயும் பொறுமையாக எழுதினாய். செல்லுக்குள் புரதம் எதையும் செய்யாத ஆர்.என்.ஏ. இருக்கிறது, வெகுகாலம் அதை வெறும் கழிவு என்றே நினைத்தார்கள், அதில் சில வகை புற்றைப் பரவவிட்டு மருந்தையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று. எனக்கு விளங்கியது. கப்பல் ஜெட்டியில் ஒரு மூட்டையும் தூக்காமல் விசில் ஊதுகிறவன் கை காட்டினால்தானே கிரேனே நகர்கிறது. ஆனால் மருந்து எடுபடாததற்கு மூலம் இதுதான் என்று எழுதினாயே, காரணம் என்று எழுதியிருக்கக் கூடாதா? அம்மா அந்த வரியை மட்டும் படித்துவிட்டாள். பாத்தீகளா, எனக்கு வெறும் மூலந்தான், படிச்ச புள்ளையே எழுதிருச்சு, ஒங்க டாக்டருக்கு என்ன தெரியும் என்று ஒரே ஆர்ப்பாட்டம். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடமும் மதில் வழியாக, பவாசீர் ஹை தீதி, கேன்சர் நஹீ என்று மூலத்தை இந்தியிலும் சொல்லிச் சிரித்தாள். ரத்தம் போன முதல் வருஷமும் மூலம் என்று நம்பித்தான் நாட்டு மருந்து கொடுத்துக் கெடுத்தோம். அப்படியும் நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் சிரித்துப் பார்த்து மாசக்கணக்காகிறது. மூன்றாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் பரணில் போட்டு, மெயின்லேண்டுக்கு வரமாட்டேன் என்றாள். அப்புறம்தான், நீ எழுதிய மூலத்துக்குக் காரணம் என்று பொருள், நோய் புற்றுதான் என்று சொன்னேன். அவள் அழவில்லை. அப்ப எம் மக படிக்கிறது என் நோயவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாயங்காலம் அவளே துணிமணியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

23ஆம் தேதி விமானத்தில் கிளம்புகிறோம். உங்கள் ஆராய்ச்சி மருந்தாக வருஷங்கள் ஆகும், அது அம்மாவுக்கு எட்டாது என்று எனக்குத் தனித்தாளில் எழுதியிருந்தாய், அதை அவளிடம் சொல்லவில்லை. சரக்கில் குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லித் தொழில் செய்தவன் நான், இது மட்டும் வாயில் வரவில்லை. லீவு சொல்லிவிட்டு 24க்குள் சென்னை வந்து சேர். பழைய ஸ்கேன் படங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன, மறக்காதே.

குலசாமி உன்னைக் காக்கட்டும், எடுத்த படிப்பு நல்லபடி முடியட்டும். இன்னும் எத்தனை மாசம் என்று அம்மா உன்னைத்தான் கேட்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற சொல்லாகப் பார்த்துச் சொல். பொய் மட்டும் சொல்லாதே.

உன் அப்பா
பெ. ஒச்சப்பன்