உள்மடிப்பில் விட்ட துணி

இன்று காலை ஒன்பது மணிக்கு எனக்கு வாய்மொழிப் பரீட்சை. உளவியல் முதுமாணிப் படிப்பின் கடைசிப் படி. எல்லாம் இணையத்தில்தான், கணினித் திரையில் தோளுக்கு மேலேதான் தெரியும். ஆனாலும் முழுச் சாறி கட்டினேன். நீ கடைசியாகத் தைத்துத் தந்த மாம்பழ நிறச் சட்டையை இன்றைக்கென்றே உடுக்காமல் வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தால், உள்மடிப்பில் உன் நீலச் சோக்குக் கோடு அப்படியே கிடக்கிறது. மெசின் எண்ணெய் வாசமும் வந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம்.

இந்தச் சட்டையைத் தந்தபோது நீ சொன்னாய்: "உள்ளுக்கு ரெண்டு விரலளவு துணி விட்டிரிக்கன்கா. குந்தி இரிந்து படிச்சிப் படிச்சி ஊதப்போறாய். அப்ப நீயே பிரிச்சி விடலாம்."

"இறுக்கமாத் தைச்சாத்தானே வடிவு" என்றேன்.

"மூச்சு உடவும் இடம் வேணும் ரீச்சர்" என்றாய்.

கணக்கு ஆசிரியையான என்னை ரீச்சர் என்று நீ கூப்பிட்டால் அது கிண்டல். நீ தைத்த முதல் சட்டையை வாங்க உன் தையலறைக்கு வந்த அன்றே, சட்டைக் கை அரை அங்குலம் கட்டை என்று அடிமட்டத்தால் அளந்து காட்டிச் சண்டை பிடித்தவள் நான். "கணக்கு ரீச்சரோட கதைக்கிறதும் மெசினோட கதைக்கிறதும் ஒண்டுதான்" என்று நீ திருப்பித் தந்தாய். அன்றைக்குத் தொடங்கியது பதினொரு வருடம் ஓடியது. எங்கள் ஆரையம்பதியில் எனக்குத் தையற்காரிகள் இல்லாமலில்லை. இருந்தாலும் ஒவ்வொரு சட்டைத் துணியையும் உன் காத்தான்குடிக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாடசாலையில் என்னை ஆலோசனை ஆசிரியையாகவும் போட்ட பிறகு, நாற்பத்திரண்டு வயதில் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "எனக்கு விசர், பைத்தியம் ஒண்டும் இல்ல. ஆனாலும் பழகிப் பாக்க ஆள் வேணுமெண்டா என்னைப் பிடி" என்றாய்.

ஆள் வேண்டித்தான் இருந்தது. ஒருவர் கவலை சொல்ல நான் கேட்கும் ஆறு பயிற்சி அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, அதில் ஒன்றைப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும். என் வீட்டுக்குப் பக்கத்தில் தச்சுப் பட்டறை. உன் அறையிலோ கூரை வரைக்கும் துணிக்கட்டுகள். அவை சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். நீ பகல் தொழுகை முடித்து வர, நான் ஸ்கூட்டியில் வந்து இறங்குவேன். மெசினுக்கு மேலே கைப்பேசியை வைத்து, என் கேள்வித் தாளை மடியில் விரிப்பேன். நீ முக்காட்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, வேறு ஒருத்தியாகிவிடுவாய்.

எத்தனை பேர் வந்தார்கள்! கட்டாரிலிருந்து போன் எடுக்கிற புருசன் பூனையைப் பற்றியே விசாரிக்கிறான் என்று அழுதவள் ஒருத்தி. கோழிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளிக்கிடாத பாடசாலை அதிபர் ஒருவர். "ஒழுங்கா நடி!" என்று நான் கத்த, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். முடிந்ததும் எப்போதும் ஒரே வசனம்: "போதும்கா, தேத்தண்ணி குடிப்பம்."

ஐந்தாவது அமர்வில் நீ ஏறாவூர்ப் பெண். மார்பில் ஒரு கட்டி. கொழும்புக்குப் போகச் சொல்லி டொக்டர் கடிதம் தந்திருக்கிறார். அதை அலுமாரியில் துணிக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறாள். மூன்று மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். அது முடியட்டும் என்றிருக்கிறாள். "வீட்டுல ஆருக்கும் தெரியா" என்று சொல்லிவிட்டு நீ பேச்சை நிறுத்தினாய். கையில் ஒரு நூல் துண்டு. அதைச் சுற்றிக்கொண்டே இருந்தாய்.

நான் என்ன செய்தேன்? தாளைப் பார்த்தேன். அடுத்த கேள்வியைக் கேட்டேன்: "உங்கட பயத்துக்கு பத்துக்கு எத்தினை புள்ளி குடுப்பீங்க?"

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். "ஏழு" என்றாய்.

முடிந்ததும் உன் தோளில் தட்டினேன். "அல்லாவே, இண்டைக்குத்தான் ஒழுங்கா நடிச்சாய்!" உன் வாயில் வருகிற சொல்லை வேறு எடுத்துச் சொன்னேன். நீ சிரித்தாய். தேத்தண்ணி போட்டாய். எனக்கு இனிப்பைக் கூட்டித்தான் போட்டாய்.

உன் மகளின் கல்யாணம் முடிந்த மறுகிழமை நீ கொழும்புக்குப் போனாய். அந்த ஏறாவூர்ப் பெண் நீதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டேன். உன் மௌனம் முழுதாக நான்கு விநாடிகூட இல்லை. நான்தான் அதை வெட்டியிருக்கிறேன். படிப்பை விட்டுவிடலாம் என்று ஒரு கிழமை புத்தகத்தையே தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது அதைத்தான் சொன்னேன். "நான் கேட்டிருந்தா நீ நேரத்தோட போயிருப்பாய்."

"விசரி. நீ கேட்டிருந்தாலும் கல்யாணம் முடியத்தான் போயிரிப்பன். என்னைத் தெரியாதா உனக்கு?" பிறகு சொன்னாய்: "ஆனா ஒராளுக்காவது தெரிஞ்சிரிக்கும். அந்த மூணு மாசமும் தனியக் கிடந்தன்கா."

நான் அழுதேன். நீ அழவில்லை. என் பையிலிருந்த, அந்த ஒலிப்பதிவுக்கான சம்மதப் படிவத்தை எடுக்கச் சொல்லி, ஊசி குத்திய கையாலேயே ஒப்பம் வைத்தாய். "மத்ததெல்லாம் கூத்து. இதை அனுப்பு. விட்ட பிழையோட அனுப்பு. படிப்ப விட்டியெண்டா உன்ட சட்டை எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டிருவன்" என்றாய்.

அனுப்பினேன். இன்றைக்கு இரண்டு பேராசிரியர்கள் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். எல்லாரும் தங்களுடைய திறமான அமர்வைத் தருவார்கள், நீங்கள் ஏன் இதைத் தந்தீர்கள் என்றார் ஒருவர்.

உன் சட்டை தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. "எங்கள் பக்கத்தில் தன் கவலையைத் தன் பெயரில் சொல்லிக்கொண்டு வருபவர் குறைவு. 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்' என்றுதான் கதை தொடங்கும். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கையில் கேள்வித் தாள் இருந்ததால் மறந்துபோனேன்" என்றேன்.

"இனி அப்படி ஒரு மௌனம் வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்?"

"நான் கணக்கு ரீச்சர்தான். ஆனால் அதற்கு மட்டும் கணக்கு வைக்க மாட்டேன்."

அவர்கள் சிரித்தார்கள். பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். கணினியை மூடியதும் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது, உனக்கு எடுக்க. பாதியில் நின்றது.

அதே சாறியோடு பாடசாலைக்குப் போனேன். மத்தியானம் ஒரு தாய் வந்தார். பிள்ளையின் பாடசாலை வரவைப் பற்றிக் கதைக்க வந்தவர், கதைத்து முடிந்தும் எழும்பவில்லை.

"ரீச்சர், எங்கட பக்கத்து வீட்டுல ஒரு புள்ள இரிக்கா. ரெண்டு மாசமா நித்திரை இல்ல அவவுக்கு. ஆரோடயும் கதைக்கிறல்ல." அத்துடன் நின்றுவிட்டார். சாறித் தலைப்பின் நுனியை விரலில் சுற்றத் தொடங்கினார்.

பேனையை மூடி வைத்தேன். வெளியே வாவிக் காற்றில் யன்னல் கதவு அடித்தது, எழும்பிச் சாத்தவில்லை. இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் அசையவில்லை.

"அவவுக்கு ஒருத்தரும் இல்ல ரீச்சர்" என்றார் கடைசியில்.

"இனி நான் இரிக்கன் எண்டு அவக்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிரம்பியிருந்தது. "சொல்றன் ரீச்சர். நாளைக்கும் வரட்டா?"

வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரென்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உள்ளுக்குத் துணி விட்டிருக்கிறேன்கா. எப்போது தேவையோ அப்போது அவரே பிரித்து விடட்டும்.