ஐந்தருவியில் ஒரு பங்காளி

தென்காசி
19.7.1964

மரியாதைக்குரிய அத்தானுக்கு வள்ளித்தாய் வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம், ஆவுடைத்தாய் சுகம், மாடும் கன்றும் சுகம். வீட்டில் சமாதானம் மட்டும் சற்றுக் குறைவு. லடாக்கில் உங்களுக்குக் குளிர் எப்படி இருக்கிறதோ? அனுப்பிய கம்பளிக் குல்லா வந்து சேர்ந்ததா என்று எழுதவும்.

நீங்கள் பேசி வைத்த வாசுதேவநல்லூர் சம்பந்தம் பற்றிச் சொல்ல வேண்டும். சாரல் நன்றாக விழுகிறது, குளித்த மாதிரியும் ஆகும், பெண் பார்த்த மாதிரியும் ஆகும் என்று சுடலையாண்டி அண்ணாச்சிதான் ஐந்தருவிக்கு வரச் சொன்னார். அவரும் மனைவியும் மகன் மந்திரமூர்த்தியும் வந்தார்கள். பையன் மதுரையில் போலீஸ் வயர்லெஸ்ஸில் இருக்கிறான். அமைதியான முகம். ஆவுடையிடம் நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: விலங்கியல் படித்ததை இன்று ஒரு நாள் மறந்திரு என்று.

குளித்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தோம். தம் வீட்டில் எல்லாரும் எவ்வளவு ஒழுங்கு என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு வந்து அவர் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் கம்பை ஓங்கினார், அது பல்லைக் காட்டியது. இவரும் காட்டினார். அவர் மனைவி, “ரெண்டு பேரும் பல்லக் காட்டுதது ஒண்ணுபோலத்தான் இருக்கு” என்று சிரித்துவிட்டார்.

அத்தோடு போயிருக்கும். உங்கள் மகள் வாயைத் திறந்தாள். “அதத் திட்டாதீங்க மாமா, தூரத்துச் சொந்தம்தான்” என்றாள்.

“எங்க அய்யாவக் குரங்குங்காளா?” என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். “அப்ப இனிமே அவரு தெவசத்துக்குக் குத்தாலத்துக் குரங்கையெல்லாம் பந்திக்குக் கூப்பிடணுமாக்கும்?”

“குரங்கு நமக்குப் பாட்டன் இல்ல மாமா. அதுக்கும் நமக்கும் ரொம்பப் பழைய பாட்டன் ஒருத்தரு. அவரு இந்தக் குரங்கும் இல்ல, மனுசனும் இல்ல. அவரு வம்சத்துல ஒரு கிளை அப்படிப் போச்சு, ஒரு கிளை இப்படி வந்துச்சு. பங்காளின்னு வச்சுக்கோங்களேன்.”

“பங்காளியா! வயலுக்காக ஒருத்தங்கூடக் கோர்ட்டுக்கு நடக்குதது போதாதா?”

அதுவரை பேசாத பையன் மெதுவாகக் கேட்டான்: “அப்ப இது ஏன் இன்னும் மனுசனா மாறல?”

“மாறணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து? அது இருக்க இடத்துக்கு அது சரியாத்தான் இருக்கு. போலீஸ்காரரோட அப்பா மடியிலயே கை வைக்கத் தெரியுதே!”

பையன் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அண்ணாச்சி பலகாரத்தைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் மந்திரமூர்த்தி தனியாக நிற்கிறான். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். “ஒரு சந்தேகம் அத்த. ஒரு இனம் எப்படி ரெண்டா ஆகும்? வாரம் பூரா அதே யோசனை” என்றான். காப்பி போட்டேன். ஆறிப்போக, மறுபடியும் போட்டேன்.

ஆவுடை தவளையை வைத்துச் சொன்னாள். ஒரு தாய்க்குப் பிறந்த குஞ்சுகள்கூட அச்சில் வார்த்தது போல் இருக்காதாம். எந்த வித்தியாசம் அந்த இடத்துக்குத் தோதாக இருக்கிறதோ, அது உள்ளவை அதிகம் பிழைத்துக் குஞ்சு விடும், அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் போகும். ஒரே தவளைக் கூட்டம் செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே பாதி, தெற்கே பாதி என்று பிரிந்துவிட்டால்? நடுவில் தாழ்ந்த வறண்ட நிலம், கடக்க முடியாது. அந்தப் பக்கம் ஒரு விதமாக மாறும், இந்தப் பக்கம் வேறு விதமாக மாறும். தலைமுறை தலைமுறையாக அது சேர்ந்துகொண்டே போய், என்றைக்காவது இரண்டும் சந்தித்தால்கூட இணை சேராதாம். அப்போது அவை இரண்டு இனம். இணை சேராது என்று அந்நியப் பையன் முன்னால் கூசாமல் சொல்கிறாள். நான் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினேன்.

“அப்ப இது கத்துதது அதுக்குக் கேக்கும், ஆனா பிடிபடாது. அலைவரிசை மாறிருது, அப்படித்தானே?” என்றான் பையன்.

ஆவுடை பேச்சை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அத்தான், அன்றுதான் அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

போகும்போது சொன்னான்: சென்னையில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருக்கிறதாமே, படித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன் என்று. அண்ணாச்சியும் நம் சொரிமுத்து சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பினார்: “படிக்கட்டும். ஆனா கல்யாணப் பந்தல்ல குரங்குப் பேச்சு எடுக்கக் கூடாது.” அவள் பதிலுக்குச் சொன்னது: “நான் எடுக்க மாட்டேன். மாமா கேட்டா என்ன செய்ய?”

ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கோபப்படாமல் யோசியுங்கள். நான் முன்பெல்லாம் இவளுக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று கேட்டவள்தான். அன்று அடுக்களையில் நின்று கேட்டபோது, இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாளா என்று இருந்தது. கல்லூரியில் சேரக் கடைசித் தேதி நெருங்குகிறது, சம்மதம் என்று ஒரு வரி தந்தியாவது அடியுங்கள்.

நேற்று அவளிடம் கேட்டேன், அந்தத் தவளைகள் எத்தனை காலம் பிரிந்திருந்தால் ஒன்றுக்கொன்று அந்நியமாகும் என்று. “லட்சக்கணக்குல வருசம் ஆகும்மா” என்றாள். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பாவுக்கு லீவு கேட்டு எழுதும்மா” என்றாள்.

எழுதிவிட்டேன். தென்காசி ஈசுவரன் உங்களைக் காக்கட்டும். சாரல் நிற்பதற்குள் வாருங்கள்.

உங்கள்
வள்ளித்தாய்