மொட்டைத் தகப்பனும் என் வலது காதும்

9.10.82 சனி
பின்னேரம் வரை புழுக்கம். கச்சான் காற்று நின்றுவிட்டது, மழையைக் காணவில்லை. அன்ரனாக் கம்பத்தைச் சற்றே திருப்பிக் கட்டினேன். படம் தெளிவு.

மைத்துனன் டுபாயிலிருந்து கொண்டுவந்த ரீவி. ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் விறாந்தையில். ஆங்கிலச் சிரிப்பு நாடகம். வழமைபோல நான் தமிழில் சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். எதிர்வீட்டு ராசமணி அக்காவுக்கு அதில் வரும் மொட்டைத் தகப்பன்தான் உயிர். பக்கத்து வீட்டுச் சுபைதாவின் கட்சி வேறு. அவன் மனைவிதான் கெட்டிக்காரியாம், அவனுக்கு வாய் மட்டும்தானாம். கிழமைக்கு ஒரு பெரிய நடிகரை விருந்தாளியாகக் கொண்டுவருவது இருவருக்கும் பிடிக்கவில்லை. "வந்தவனுக்கே கை தட்டிக்கொண்டிருந்தா வீட்டுக்காரன் எப்ப பகிடி விடுறது?" என்று அக்கா.

எவருக்கும் தெரியாதது: பாதிக் கதை என் கற்பனை. இடது காது போய் இரண்டு வருடம். வலதும் போகிறது. திரையில் முகங்களைப் பார்த்துக் கதை கட்டிவிடுகிறேன். மனைவி மேரிக்கும் சொல்லவில்லை. துறைமுக ஜெற்றியில் கப்பல் மூட்டை இறக்குவதைப் பார்த்து நிற்கும் எனக்கு கிறேன் விசில் கேட்காது என்று தெரிந்தால் வேலை போச்சு. அவளுக்குச் சொன்னால் அழுவாள்.

10.10 ஞாயிறு
சேர்ச்சில் பூசை முடிய எங்கள் ஜெற்றிச் சூப்பவைசர் செல்வரத்தினம் ஐயா வந்தார். நல்லவேளை வலப்பக்கம் நின்றார். அடுத்த சனி வரும் விருந்தாளி அவருக்குப் பிடித்த நடிகராம், தானும் பார்க்க வருகிறாராம். ஓம், வாருங்கோ என்றுவிட்டேன். அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு!

காய்ச்சல் என்று படுப்பதா? ரீவி பழுது என்பதா? அக்கா நம்பமாட்டா.

13.10 புதன்
தூறல். மண்ணெண்ணெய், பாண் வாங்க மறந்தேன். ஜெற்றியில் யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். பார்த்தால் தலைக்கு மேலே கிறேனில் கோதுமை மா மூட்டைகள். விசில் அடித்ததாம். ஏதோ யோசனை என்று சமாளித்தேன்.

16.10 சனி
ஐயா முன் கதிரையில். தேத்தண்ணி, வாய்ப்பன். திரையில் நடிகர் வந்தார். நல்ல கோட், நல்ல நடை. இவன் தகப்பனுடைய காணாமற்போன தம்பி, வீட்டில் பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்று எடுத்துவிட்டேன். சும்மா வடிவுக்கு நிற்கிறார், பகிடி வரவில்லை என்றாள் சுபைதா. அக்கா இந்தமுறை நடிகர் பக்கம். ஐயா பிழை பிடிக்கவில்லை. துணிவு வந்தது, சொல்லிக்கொண்டே போனேன்.

பிறகுதான் கவனித்தேன். ஒருவரும் ரீவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்கள். மேரி வலது காதோடு வாய் வைத்தாள்.

"சத்தம் நிண்டு கன நேரமப்பா. படம் மட்டும்தான் ஓடுது."

குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். வெட்கம். அதைவிடப் பயம். எல்லோரும் போனபிறகுதான் வெளியே வந்தேன்.

17.10 ஞாயிறு
மழை. பூசைக்குப் போகவில்லை. மேரி அழவில்லை, ஏசவுமில்லை. ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள்.

18.10 திங்கள்
காலையிலேயே ஐயா கூப்பிட்டார். இன்றிலிருந்து களஞ்சிய அறையில் மேசை வேலை, ஜெற்றிப் பக்கம் போகக்கூடாது. அவ்வளவுதான். கையில் தந்த இடமாற்றக் கடிதத்தில் காரணம் எழுதவில்லை.

வாசல்வரை வந்து தோளைத் தட்டினார்.

"வாற சனியும் வருவன். அந்தத் தம்பிக்கு வீட்டில பங்கு குடுத்ததோ எண்டு நீர் சொல்லோணும்."

இவ்வளவு சத்தமாக அவர் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை.