கழற்றாத மட்கார்டு

ஐப்பசி 4, வெள்ளி

விடிகாலையிலிருந்து மழை. இந்த வருடத்தில் உருப்படியான முதல் மழை இதுதான். கடைக்கு மிளகாய் வற்றல் மூட்டை ஒன்றும் வராது. நல்லதாகப் போயிற்று. முழுநாளும் மூன்று பைக்கிலும் வேலை.

ஜாவா: முன் மட்கார்டு கழற்றியாயிற்று. செயினுக்கு எண்ணெய். பிளக் சுத்தம்.

ராஜ்தூத்: முன் மட்கார்டு கழற்றியாயிற்று. ஒரு போல்ட் மட்டும் துருப்பிடித்து வம்பு பண்ணியது. மண்ணெண்ணெய் விட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் உளியை வைத்து மண்டையில் ஒரே போடு. தலை தெறித்துத் தகரத்தில் போய் விழுந்தது. அப்படி ஒரு திருப்தி.

புல்லட்: துடைத்தது மட்டும்.

மழை விழுந்தால் கரிசல் மண் பிசைந்த மாவாகிவிடும். சக்கரம் அதை உருட்டிக் கொண்டுபோய் மட்கார்டுக்குள் அப்பும். இறுகிவிட்டால் முன்சக்கரம் சுற்றாது. ஓட்டுகிறவன் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழவேண்டியதுதான். அதனால் திருவேங்கடம் பக்கம் காட்டுப்பாதையில் போகிறவன் எவனும் ஐப்பசி பிறந்ததும் முன் மட்கார்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவான். தை மாதம்தான் திரும்ப மாட்டுவது. நானும் அப்படித்தான். புல்லட்டுக்கு மட்டும் மனசு வராது. மட்கார்டு இல்லாமல் அது மொட்டையடித்த மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அதை நான் தார் ரோட்டை விட்டு இறக்குவதே இல்லை, பிறகு எதற்குக் கழற்ற?

வீட்டுக்காரி கோமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "மூணு பொண்டாட்டி கட்டுனவன்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டான்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குத்தல்தான். ஆனால் மூன்றையும் குளிப்பாட்டி நிறுத்திப் பார்க்கிற சுகம் அவளுக்கு எங்கே தெரியும்?

சாயங்காலம் மழை விட்டதும் வரிசையாக ஸ்டார்ட் செய்தேன். ஜாவா கத்தும். ராஜ்தூத் இருமும். புல்லட் மட்டும் அடிக்கும், நெஞ்சுக்குள்ளேயே அடிக்கும். எதிர்வீட்டில் ஒரு குரல்: "ஆரம்பிச்சிட்டாருய்யா." போடா.

ஐப்பசி 5, சனி

சுள்ளென்று வெயில். தெருவெல்லாம் ஈசல் இறகு.

மச்சினன் செல்லத்துரை வந்தான் (இனி செ. என்று எழுதினால் போதும்). கோமதிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். மீசை முளைத்ததும் திருவேங்கடம் பக்கம் சொந்தக் காட்டைப் பார்க்கப் போய்விட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் சொத்து எதையும் அவன் கேட்டதில்லை, என் கோபத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை மேலநீலிதநல்லூருக்குப் பெண் பார்க்கப் போகிறானாம். புல்லட் வேண்டுமாம்.

"ராஜ்தூத்த எடுத்துட்டுப் போலே."

"பொண்ணு பாக்கப் போற எடத்துக்கா? பால்காரன் வந்துட்டான்னு செம்பத் தூக்கிட்டு வருவாவ."

"புல்லட்ட எவனுக்கும் குடுக்கமாட்டேன்."

"அப்பம் நான் எவனோவா அத்தான்?"

அடுக்களையில் பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தத்தோடு விழுந்தது. செ. சாப்பிடாமல் போய்விட்டான்.

ஐப்பசி 7, திங்கள்

மேகமூட்டம். கோபம் இன்னும் இறங்கவில்லை.

காலையில் கடைக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தகரக் கொட்டகையில் புல்லட் சத்தம். ஒரே மிதியில் பிடித்தது. அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்: ஆம்பியர் முள் நடுவுக்கு வரவேண்டும், எஞ்சின் அழுத்தத்தைத் தளர்த்துகிற சின்ன லீவரை அழுத்தி விடவேண்டும், அதற்குப் பிறகுதான் வலது காலால் மிதிக்கவேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பெயர்த்துவிடும். வெளியே ஓடுவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான். சாவியை எடுத்துக் கொடுத்தது கோமதி. கேட்டேன். "ஆமா குடுத்தேன். என்ன செய்வீய?" என்றாள்.

மத்தியானம் வந்து நின்றான். வாயெல்லாம் பல். பின்னால் பெண்ணின் தாய்மாமா, கையில் பூவும் பழமும். பேசி முடித்துவிட்டார்களாம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டாங்கைப் பார்த்தேன். வலதுபக்கம் பெயிண்ட் உரிந்து விரல் நீளத்துக்குக் கீறல். மாட்டுவண்டி உரசிவிட்டதாம்.

அறைந்துவிட்டேன். ஒன்று அல்ல. முதல் அறையில் அவன் செருப்பு கழன்றது. இரண்டாவதில் அவன் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போது யாரோ பிடித்துக்கொண்டார்கள். தெருவே நின்று பார்த்தது. செ. திருப்பி அடிக்கவில்லை. மூக்கைத் துடைத்து உள்ளங்கையைப் பார்த்தான். பெண்ணின் மாமா பழத்தட்டோடு அப்படியே நின்றார்.

கீறலுக்கு மெருகு போட்டுப் பார்த்தேன். மறையவில்லை.

ஐப்பசி 8, செவ்வாய்

தூறல். கடைக்கு விருதுநகர் வற்றல் வியாபாரி வந்தான், விலை பேச மனசே ஓடவில்லை.

சம்பந்தம் முறிந்துவிட்டது. மேலநீலிதநல்லூரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். "நடுத்தெருவுல அடிவாங்கிட்டு நிக்கவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க?" என்று அந்த மாமா கேட்டாராம்.

கோமதி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். நான்கு வார்த்தை திட்டினாலாவது தேவலை. நான் செய்தது தப்புதான். டாங்கைப் பார்த்தால் தப்பில்லை என்றும் தோன்றுகிறது.

பக்கத்துக் கடைக் காதர் பாயின் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் செட் வந்து சேர்ந்தது. அதில் பெரிய ஸ்பேனர் கைக்கு நல்ல கனம். சந்தோஷப்பட முடியவில்லை.

ஐப்பசி 9, புதன்

கண் எரிகிறது. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

காலையில் மழை விட்டு வெளுத்திருந்தது. கடையைக் கூட்டி வற்றல் தூசியை முறத்தில் அள்ளி வைத்திருந்தேன். செ. உள்ளே வந்தான். குளித்து, அதே வெள்ளைச் சட்டை, ரத்தக்கறை போகவில்லை. "அத்தான்" என்றான். நிமிர்ந்தேன். முறத்தோடு முகத்தில் அடித்தான்.

கண், மூக்கு, தொண்டை எல்லாம் நெருப்பு. எனக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. தும்மிக்கொண்டே கையை வீசினேன், தராசில்தான் பட்டது. கொட்டகையில் கண்ணாடி நொறுங்கியது. ராஜ்தூத்தை உதைத்துத் தள்ளிவிட்டான். பிறகு புல்லட் கிளம்புகிற சத்தம், திங்கட்கிழமை சாவியை நான் திருப்பி வாங்கவே இல்லை.

தொட்டியில் தலையை முக்கி எடுத்தேன். புது ஸ்பேனரை இடுப்பில் செருகினேன். கோமதி குறுக்கே நின்றாள். "வேண்டாம். அவன் புள்ள மாதிரி." தள்ளிவிட்டேன். சுவரில் மோதினாள். ஜாவாவை எடுத்துக்கொண்டு திருவேங்கடம் ரோடு.

எதிர்க்காற்று கண்ணில் பட்டதும் ஊசி ஊசியாய் இறங்கியது. ஒரு கண்ணை மூடி மாற்றி மாற்றி ஓட்டினேன். கொல்லவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஜாவா இத்தனை வருடத்தில் அப்படி ஓடியதில்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அதிலும் ஒரு சுகம் இருந்தது.

ரோட்டை அடைத்து ஆட்டுமந்தை. செ. வேகம் குறைத்தான். நான் அவன் வலதுபக்கம் ஏறிவிட்டேன். இடதுபக்கம் பருத்திக்காட்டுக்குள் இறங்குகிற வண்டிப்பாதை. மழையில் ஊறிய சுத்தக் கரிசல். அவன் நேராகத்தான் போகப் பார்த்தான். என் ஜாவாவை அவன்மேல் ஒட்டிச் சாய்த்தேன். ஹேண்டில் ஹேண்டிலோடு உரசியது. போக வழியில்லாமல் பாதையில் இறங்கினான்.

எனக்குத் தெரியும். அந்த மட்கார்டு கழற்றாதது எனக்குத் தெரியும். சக்கரம் இறுகும், விழுவான் என்று தெரியும். புல்லட்டும் விழும் என்று தெரியும். விழட்டும் என்றுதான் சாய்த்தேன்.

கொஞ்சதூரம்கூடப் போகவில்லை. முன்சக்கரம் கட்டையாக நின்றது. பின்பக்கம் தூக்கி அவனை எறிந்து, புல்லட் வலதுபக்கமாக அவன் காலின்மேல் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கொதிக்கிற சைலன்ஸர் அவன் கெண்டைக்காலில். கறி கருகுகிற வாடை.

ஸ்பேனரோடு மேலே போய் நின்றேன். செ. கண்ணை மூடவில்லை. "அடிங்க அத்தான். ஏன் நிக்கிய?"

"ஏ அண்ணாச்சி! சின்னப்பய, கொன்னுபோடாதேயும்!" ஆடு மேய்க்கிறவர் கம்போடு ஓடிவந்தார்.

ஸ்பேனரைக் காட்டுக்குள் வீசினேன். குனிந்தேன். முதலில் பெட்ரோல் குழாயை அடைத்தேன். பிறகுதான் வண்டியைப் பிடித்துத் தூக்கினேன். தீப்பிடிக்கக்கூடாது என்று அடைத்தேனா, டாங்கில் பெட்ரோல் வழிகிறதே என்று அடைத்தேனா? இதை எழுதும்போதும் தெரியவில்லை. தூக்கும்போது சைலன்ஸரோடு தோலும் வந்தது. அப்போதுதான் அவன் கத்தினான்.

ஐப்பசி 12, சனி

அடைமழை. செ. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில். கோமதி அங்கேதான். நான் ஆக்கிய சோறு அடிப்பிடித்துவிட்டது.

போலீஸ் வந்து கேட்டார்கள். "வழுக்கி விழுந்தான்" என்றேன். ஆட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லையாம். செ. என்ன சொல்லியிருக்கிறான் என்று தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன்.

புல்லட்டை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். மட்கார்டுக்குள் மண் காய்ந்து கல்லாகிவிட்டது. கையில் உளியை எடுத்துக்கொண்டு போனேன். தொடாமல் திரும்பிவிட்டேன்.

ஐப்பசி 19, சனி

பஸ்ஸில் திருநெல்வேலி. வண்டி எடுக்க மனசு வரவில்லை.

செ. மெலிந்துபோயிருந்தான். இடுப்புவரை மாவுக்கட்டு, கெண்டைக்காலில் மட்டும் புண்ணுக்கு மருந்து போட ஒரு சந்து. வலது முழங்கால் இனி மடங்காதாம், முழுப்பாரமும் தாங்காதாம். டாக்டர் சொன்னதைக் கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் வெளியே போனதும் கேட்டேன். "போலீஸ்ட்ட என்னலே சொன்ன?"

"நானா விழுந்தேன்னு."

"ஏன்?"

"அவனுவ அடிச்சா எனக்கென்ன சொகம்? உங்கள நாந்தான் அடிக்கணும். எந்திரிச்சு வாரேன், இருங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டாமலிருக்க வியாபாரம் மாதிரிப் பேசினேன். ஜாவாவை எடுத்துக்கொள் என்றேன். அதற்குக் கிக்கரும் கியரும் இடதுகாலில்தான், உட்கார்ந்தபடியே மிதிக்கலாம், பிரேக்குக்குக் கை போதும்.

தண்ணீர்ச் செம்பு நேராக என் நெற்றிக்கு வந்தது. "எனக்கு ஜாவா வேண்டாம்! புல்லட்டுக்குத்தான் என் காலு போச்சு. புல்லட்டத்தான் ஓட்டுவேன்!"

அதே ஆஸ்பத்திரியில் எனக்கும் தையல். நர்ஸ் அம்மா யார் அடித்தது என்று கேட்டார். "என் மச்சினன்" என்றேன். சொல்லும்போது ஏனோ நிம்மதியாக இருந்தது.

ஐப்பசி 27, ஞாயிறு

மழை இல்லை. இளவெயில். தையல் பிரித்தாயிற்று, அரிக்கிறது. கோமதி துணிமணி எடுக்க நேற்று வந்தாள். பேச்சு இன்னும் இல்லை.

காலையில் புல்லட்டைத் தொட்டேன். உளியால் மண்ணைக் கொத்திக் கொத்தி எடுத்தேன். நசுங்கிய மட்கார்டைக் கழற்றவில்லை, சம்மட்டியால் அடித்தே பிய்த்துத் தெருவில் எறிந்தேன். டாங்க் கீறலை அப்படியே விட்டேன்.

பிறகு ஒரு யோசனை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வலதுபக்கம் தரையில் நின்றுகொண்டு இடதுகாலால் மிதித்துப் பார்த்தால் என்ன? செ. அப்படி ஸ்டார்ட் பண்ணலாமே. முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து மிதித்தேன். கால் பழக்கமில்லாமல் பாதியில் நழுவ, கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் எலும்பில் சதை கிழிந்தது. மறுபடி. மறுபடியும் அடித்தது. செருப்புக்குள் ரத்தம் வழுக்கியது. கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி இன்னொரு மிதி.

பிடித்துவிட்டது. தகரமெல்லாம் அதிர்ந்தது. சின்னப்பையன் மாதிரிக் கத்தினேன். "கோமதி! இங்கன வந்து பாரு! எடதுகாலு! அவனும் மிதிக்கலாம்!"

கொட்டகை வாசலில் வந்து நின்றாள். என் காலில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள். பதினெட்டு நாளில் என் முகம் பார்த்து முதல் பேச்சு.

"எடதுகாலால மிதிச்சா, எந்தக் கால ஊணி நிப்பான்?"

வண்டியை அணைத்தேன்.